முத்துச் சலாபத்திலிருந்து தேசியப் பூங்கா வரை

பெங்களூர்வாசிகளுக்குத் தேசியப் பூங்கா என்றதும் பன்னேர்கட்டாவும், கம்பிவலை போட்ட பஸ்ஸின் ஜன்னலோரத்தில் புலியைத் தேடித் தவிக்கும் குழந்தைகளுமே நினைவுக்கு வருவது இயல்பு. அதனால், விடுமுறைக்கு ராமேசுவர யாத்திரை புறப்பட்டவர்கள் பாம்பனுக்கு அருகே குந்துகாலில் இறங்கி, எதிரே கிடக்கும் நீலக் கடலும் ஒரு தேசியப் பூங்காதான் என்று கேள்விப்பட்டால் சற்றே திகைக்கிறார்கள். இலங்கையிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் 1897 ஜனவரியில் கரையிறங்கிய அதே குந்துகாலிலிருந்து படகேறினால் குருசடைத் தீவு கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. காற்று அடங்கிய காலை வேளையில் நீர் தெளிந்திருக்க, மான்கொம்பைப் போலக் கிளைத்த பவளங்களும், மூளையின் மடிப்புகளைக் கொண்ட உருண்டைப் பவளங்களும், அவற்றின் இடுக்குகளில் புகுந்து புறப்படும் கோடு போட்ட சிறு மீன்களும் கண்ணுக்குப் புலனாகின்றன.

தூத்துக்குடி முதல் பாம்பன் வரை சங்கிலிபோல் கிடக்கும் 21 தீவுகளையும் சுற்றியுள்ள ஆழமற்ற கடலையும் சேர்த்து, 560 சதுர கிலோமீட்டர் பரப்பை மன்னார் வளைகுடாக் கடல்வாழ் தேசியப் பூங்கா என்று தமிழ்நாடு அரசு 1986-இல் அறிவித்தது. ஆனால் இந்தக் கடலின் சரித்திரத்தில் நாற்பது ஆண்டு என்பது நேற்றைய சமாசாரம். அதற்கு முன்பு ஈராயிரம் ஆண்டுகளாக இது காப்பதற்குரிய கடலாக அன்று, எடுப்பதற்குரிய கடலாகவே கருதப்பட்டது. எடுத்தவன் ஒருவன், பங்கு வாங்கியவன் வேறொருவன் என்பதுதான் இதன் முழு வரலாறும் என்று சொன்னாலும் பிழையில்லை.

கொற்கை முத்தின் கீர்த்தி யவனர் எழுதிவைத்த கடல்வழிக் குறிப்புகளிலேயே இடம்பெற்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, சலாபம் எனப்படும் முத்துக்குளிப்பில் கிடைத்ததில் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கும், சுறாமீன்களை மந்திரத்தால் கட்டுபவர்களுக்கு இருபதில் ஒரு பங்கும் சேர்ந்ததாக எழுதியிருக்கிறான். கடல்கட்டி எனப்பட்ட அந்த மந்திரவாதி கரையில் நின்று உச்சாடனம் செய்யாவிட்டால் நீரில் இறங்க மாட்டோம் என்று மூழ்குவோர் பிடிவாதம் பிடிக்கவே, பகுத்தறிவில் பெருமை கொண்ட ஆங்கிலேய உத்தியோகஸ்தர்களும் அவனுக்குச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டார்கள்!

மூழ்குகிறவன் கயிற்றில் கட்டிய கல்லின் மேல் காலை ஊன்றி, மூச்சை அடக்கிப் பத்துப் பாகம் ஆழம் வரை இறங்கி, ஒரு நிமிஷத்துக்குள் கைக்கு எட்டிய சிப்பிகளை வலைப்பையில் வாரிப் போட்டுக்கொண்டு கயிற்றை அசைப்பான். மேலே படகிலிருந்து அக்கயிற்றைப் பிடிப்பவன் பெரும்பாலும் மைத்துனனே என்றும், தன் தமக்கையின் தாலிக்காக அவன் கண் அயரமாட்டான் என்பதே அதற்குக் காரணம் என்றும் வழிவழியாகச் சொல்லுவார்கள்.

மூர் வணிகரோடு ஏற்பட்ட பகையில் போர்த்துகீசியரின் துணையை நாடிய, இக்கரையில் முத்துக்குளித்து வந்த பரதவர்கள் 1530-களில் திரள்திரளாக ஞானஸ்நானம் பெற்றதும், 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் அவர்களிடையே வந்து சேர்ந்ததும் பிரசித்தம். 1658-இல் டச்சுக்காரர்களும், அவர்களுக்குப் பின் ஆங்கிலேயரும் வந்தார்கள். கொடி மாறியதே தவிர, பங்கு கேட்கும் கை மாறவில்லை. மதுரை நாயக்கருக்கும் சேதுபதிக்கும் இத்தனை மூழ்குகல் என்று உரிமை எழுதி வைத்திருந்த காலம் போய், சர்க்காருக்கு மூன்றில் இரண்டு, மூழ்கியவனுக்கு ஒன்று என்ற காலம் வந்தது. சங்கும் சர்க்காரின் ஏகபோகமாகி, மணமான வங்காளப் பெண்களின் வளையல்களுக்காகக் கப்பலேறிற்று. 1955-இல் தொடங்கிய முத்துக்குளிப்பு 1961-இல் நின்றதோடு சலாபம் முடிந்தது.

முத்து போனபின் பவளத்துக்கு வந்தது வினை. சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்கும் பவளப் பாறைகளைப் படகு படகாகப் பெயர்த்தெடுத்ததில், அலையைத் தடுக்க அரணின்றி, பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. 2001-இல் பவளங்கள் வனஜீவராசிப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன.

ஆக, பூங்கா வந்தது நியாயமே. எனினும் அதன் வேலி யார்மீது முதலில் உராய்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பாம்பனை அடுத்த சின்னப்பாலம் போன்ற ஊர்களின் பெண்கள், விரல்களில் துணியைச் சுற்றி, கண்ணாடி அணிந்து, தீவுகளின் ஓரத்தில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரையையும் பறித்து வாழ்கிறவர்கள். சிவாஜிநகர்க் கடைகளில் ரம்ஜான் மாதத்தில் நாம் வாங்கும் சைனா கிராஸ் மரிக்கொழுந்து போன்ற பாசியின் சத்துதான். தலைமுறையாகப் புழங்கிய தீவுகளில் கால்வைப்பது அவர்களுக்குச் சட்டவிரோதம் ஆயிற்று. மாதத்தில் 12 நாள் மட்டுமே கடலில் இறங்குவது, பாசியின் வேரைப் பிடுங்காமல் விடுவது என்று அவர்கள் தாமே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் அமெரிக்காவிலுள்ள ஸீகாலஜி நிறுவனத்தின் பரிசு கிடைத்தது.

அயல்நாடு மெச்சிய அந்தக் கட்டுப்பாட்டைச் சட்டத்தின் வாசகமாகவே ஏற்று, குறித்த நாட்களில் குறித்த தீவோரங்களில் பாசி எடுக்கும் உரிமையை அப்பெண்களுக்கு எழுதிக் கொடுப்பதில் வனத்துறைக்கு நஷ்டமேதுமில்லை. அரசனுக்கும் மந்திரவாதிக்கும் பங்கு எழுதிய கடல் இது. மூழ்குகிறவருக்கும் இனியாவது எழுதட்டும்.