அங்கியைக் கழற்றாத ஆயர்

நாங்கள் பள்ளியில் படித்த பிரெஞ்சுப் புரட்சி என்பது பாஸ்டில் கோட்டை, கில்லட்டின், ராபஸ்பியர், கடைசியில் நெப்போலியன். அவ்வளவுதான். நடுவில் ஒரு படம் வரும். 'டென்னிஸ் மைதான உறுதிமொழி' என்று கீழே போட்டிருக்கும். 1789 ஜூன் 20 அன்று நடந்ததை ஓவியர் டேவிட் தீட்டியது. ஒருவர் மேஜைமேல் நின்றுகொண்டிருப்பார். சுற்றிலும் எல்லோரும் கையை நீட்டியபடி இருப்பார்கள். அவருக்குக் கீழே முன்வரிசையில் மூன்று பேர் தோளணைத்து நிற்பார்கள்: ஒரு துறவி, ஒரு புராட்டஸ்டண்ட் போதகர், இருவருக்கும் நடுவில் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். (அந்தத் துறவி அன்று அங்கே இல்லவே இல்லை. ஓவியர் தாமாகச் சேர்த்துக்கொண்டார்.) நடுவில் நிற்பவர் யார் என்று வாத்தியார் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஓய்வு பெற்று, சாவகாசமாகப் படிக்க நேரம் கிடைத்த பிறகுதான் அவரைத் தெரிந்துகொண்டேன். அவர் பெயர் ஆன்ரி கிரேகுவார்.

பிறந்தது 1750-ல், லொரேன் பகுதியில். அப்பா தையற்காரர். எம்பெர்மேனில் என்ற சிறு கிராமத்தில் பங்குத்தந்தையாக இருந்தார். பங்கு மக்கள் படிக்க ஒரு நூலகம் வைத்திருந்தார் என்பதிலிருந்தே ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ளலாம். யூதர்களுக்கும் மற்றவர்களைப் போல உரிமை வேண்டும் என்று அவர் எழுதிய கட்டுரைக்கு 1788-ல் மெட்ஸ் நகரக் கல்விக்கழகம் பரிசு கொடுத்தது.

அடுத்த வருடம் மன்னர் பதினாறாம் லூயி எஸ்டேட்ஸ் ஜெனரலைக் கூட்டினார். குருமார், பிரபுக்கள், பொதுமக்கள் என்று மூன்று பிரிவு. குருமார் என்றாலும் எல்லோரும் ஒன்றல்ல. ஆயர்கள் பெரும்பாலும் பிரபு வீட்டுப் பிள்ளைகள், கிராமத்துப் பாதிரிகள் ஏழைகள். அப்படிப்பட்ட பாதிரிகளில் முதலில் எழுந்துபோய்ப் பொதுமக்கள் பிரிவோடு உட்கார்ந்தவர்களில் கிரேகுவாரும் ஒருவர்.

தேசிய சபை, குருமாரை அரசு ஊழியர்போல ஆக்கி, ஆயர்களை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. சட்டத்துக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கவேண்டும். 1790 டிசம்பர் 27 அன்று சபையில் முதல் ஆளாகப் பிரமாணம் எடுத்தவர் இவர்தான். போப்பாண்டவர் அந்தச் சட்டத்தைக் கண்டித்துவிட்டார். 1791-ல் புளுவா நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மாவட்டத்துக்கு மக்கள் இவரை ஆயராகத் தேர்ந்தெடுத்தார்கள். ரோமாபுரி பார்வையில் துரோகி, புரட்சிக்காரர்கள் பார்வையில் என்ன இருந்தாலும் ஒரு பாதிரி. இரண்டு பக்கமும் இடி!

1792 செப்டம்பர் 21 அன்று 'கன்வென்ஷன்' என்ற புதிய சபை கூடியது. முடியாட்சியை ஒழிக்க வேண்டும் என்று ஓங்கிப் பேசியவர் இந்த ஆயர். ஆனால் மன்னரின் உயிரைப் பறிக்க அவர் உடன்படவில்லை. அந்த வாக்கெடுப்பின்போது சபை வேலையாக சவாய் பகுதியில் இருந்தார். உடன் இருந்த மூன்று உறுப்பினர்களோடு சேர்ந்து, மன்னரைக் குற்றவாளியாகத் தீர்க்கச் சொல்லி ஒரு கடிதம் அனுப்பினார். அதில் 'மரணத்துக்கு' என்றிருந்த சொல்லை அடிக்கச் சொன்னவர் இவர். பிற்காலத்தில் எதிரிகளுக்கு அடித்த சொல் கண்ணில் படவில்லை, கடிதம் மட்டும்தான் பட்டது.

கறுப்பர்களுக்காக அவர் சபையில் விடாமல் போராடினார். அடிமைக் கப்பல்களுக்கு அரசே ஊக்கத்தொகை கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. 1793 ஜூலை 27 அன்று அதை நிறுத்தவைத்தார். 1794 பிப்ரவரி 4-ல் அடிமை முறையையே சபை ஒழித்தது. 1802-ல் நெப்போலியன் திரும்பக் கொண்டுவந்தது வேறு கதை.

எனக்கு மறக்கமுடியாதது 1793 நவம்பர் 7. மதத்துக்கு எதிரான அலை உச்சத்தில் இருந்த நேரம். பாரிஸ் ஆயர் கோபெல் சபைக்கு வந்து தம் பதவியைத் துறப்பதாக அறிவித்து, சிலுவையையும் மோதிரத்தையும் கழற்றி வைத்தார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. உறுப்பினர்களாக இருந்த மற்ற குருமாரும் ஒருவர்பின் ஒருவராக எழுந்தார்கள். கிரேகுவார் அப்போதுதான் உள்ளே வருகிறார். "மேடைக்குப் போ, நீயும் துறந்துவிடு" என்று சுற்றியிருந்தவர்கள் நெருக்குகிறார்கள். மேடை ஏறினார். தாம் நம்பிக்கையினால் கத்தோலிக்கர், மக்கள் தேர்ந்தெடுத்ததால் ஆயர், இரண்டையும் விடப்போவதில்லை, வழிபாட்டுச் சுதந்திரத்தை நீங்களே அல்லவா அறிவித்தீர்கள் என்று பேசினார். கூச்சலில் பாதி யாருக்கும் கேட்கவில்லை. தலை போகிற காலத்தில் சொன்ன பேச்சு இது. அதற்குப் பிறகும் ஆயரின் ஊதா அங்கியோடுதான் சபைக்கு வந்துகொண்டிருந்தார். வேடிக்கை என்னவென்றால், எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்த கோபெலின் தலைதான் அடுத்த ஏப்ரலில் கில்லட்டினில் விழுந்தது.

1794-ல் தேவாலயங்களையும் சிலைகளையும் நூலகங்களையும் உடைப்பதை எதிர்த்து அறிக்கைகள் கொடுத்தார். 'வேண்டலிசம்' என்று இன்று உலகமெங்கும் புழங்கும் சொல்லைப் பரப்பியவர் அவர்தான்.

இனி வருவது எனக்கு உறுத்தலான விஷயம். அதே 1794 ஜூன் 4 அன்று அவர் சபையில் படித்த இன்னொரு அறிக்கை, நாட்டின் வட்டார மொழிகளை ஒழித்து பிரெஞ்சை எங்கும் பரப்புவது பற்றியது. 'ஒழித்து' என்பது நான் போட்ட சொல் இல்லை, தலைப்பிலேயே இருக்கிறது. அறுபது லட்சம் பேருக்காவது பிரெஞ்சே தெரியாது, சுத்தமாகப் பேசுவோர் முப்பது லட்சத்துக்கு மேல் இல்லை என்று கணக்குக் காட்டினார். சட்டம் புரியாத குடியானவன் என்றைக்கும் அடுத்தவனை நம்பியே இருக்கவேண்டும் என்பது அவர் வாதம். நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பிரெத்தோன், பாஸ்க், ஆக்சிதான் பேசியவர்களிடம், உன் தாய்மொழியை விட்டால்தான் நீ குடிமகன் என்று சொல்வது என்ன சமத்துவம்? மொழிப் போராட்டத்தைக் கண்ணால் கண்ட நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. யூதருக்கும் அடிமைக்கும் மனம் இரங்கியவர், இடையனின் பேச்சுக்கு இரங்கவில்லை. இதில் ஒரு விசித்திரம் உண்டு. 1790-ல் அவர் நாடெங்கும் 43 கேள்விகள் அனுப்பி விடைகள் சேகரித்திருந்தார். அன்றைய வட்டார மொழிகள் எப்படி இருந்தன என்று அறிய இன்று அறிஞர்கள் தேடிப்போவது அந்த விடைகளைத்தான்.

பிறகு நெப்போலியனின் செனட்டில் இருந்துகொண்டே அவர் பேரரசரானதை எதிர்த்தார். மன்னராட்சி திரும்பிய பின் 1819-ல் கிரெனோபிள் பக்கத்து வாக்காளர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தபோது, மன்னரைக் கொன்றவர் என்று சொல்லி சபை அவரை உள்ளே விடவில்லை. அந்தப் பழைய கடிதம்தான்.

1831 மே 28 அன்று இறந்தார். பழைய பிரமாணத்தைத் தவறு என்று ஒப்புக்கொண்டால்தான் கடைசித் திருவருட்சாதனம் என்றார் பாரிஸ் பேராயர். முடியாது என்றார் படுக்கையில் கிடந்தவர். பேராயரை மீறி ஒரு குருவானவர் வந்து கொடுத்தார். சவவண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, இளைஞர்களே மோன்பர்னாஸ் கல்லறைவரை இழுத்துப் போனார்கள்.

புரட்சியின் இருநூறாம் ஆண்டில், 1989 டிசம்பரில், அவர் எச்சங்களை பாந்தியோனுக்கு மாற்றினார்கள். அந்த விழாவுக்கு வந்த பிரெஞ்சு ஆயர் ஒரே ஒருவர், எவ்ரோ மறைமாவட்டத்து ழாக் கயோ.