காலாங்கில் பிறந்த வாயு

சிராங்கூன் ரோட்டு உணவகத்தில் தோசைக்கல்லுக்கு அடியில் எரியும் நீலத் தீயில் ஏறத்தாழ பாதி ஹைட்ரஜன். சிங்கப்பூரில் பைப் வழியாக வரும் எரிவாயுவின் கலவை அப்படி. சிலிண்டர் அடுப்பை அப்படியே அந்தப் பைப்பில் மாட்டிவிட முடியாது. ஹைட்ரஜன் கலந்த வாயு சட்டென்று எரியும், ஆனால் அதே அளவு வாயுவில் கிடைக்கும் சூடு குறைவு. அதனால் பர்னரின் துளைகளே வேறு. தேக்காவில் அடுப்பு வாங்கப் போனால் சிலிண்டரா, பைப்பா என்பதுதான் முதல் கேள்வி.

ஆக, மாநாடுகளில் நாளைய எரிபொருளாக வலம்வரும் ஹைட்ரஜன் என்ற ஆசாமி இங்கே நூற்றறுபது வருடப் பழைய குடி. லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போகக்கூடிய காலாங்கில், காற்றுப் புகாத கலன்களில் நிலக்கரியைச் சுட்டு ஹைட்ரஜன் கலந்த வாயு எடுத்தார்கள். 1864 மே 24, விக்டோரியா மகாராணியின் பிறந்தநாளில், அது தெருவிளக்குகளில் முதன்முதலாக எரிந்தது. அந்த வட்டாரத்துக்கு ஹொக்கியன்காரர்கள் நெருப்பு நகரம் என்றே பேர் வைத்துவிட்டார்கள். 1901இல் ஆலை நகராட்சியின் கைக்கு வந்தது. 1958இல் நிலக்கரிக்குப் பதில் எண்ணெய். 1998இல் காலாங் மூடப்பட்டு, வேலை முழுவதும் செனோக்கோ ஆலைக்குப் போனது.

மூலப்பொருள் மாறியதே ஒழிய, ஒவ்வொரு முறையும் பூமியைத் தோண்டி எடுத்ததுதான். ஹைட்ரஜன் எரிந்தால் மிஞ்சுவது நீராவி, உண்மை. ஆனால் இயற்கை எரிவாயுவை நீராவியோடு சேர்த்து ஒரு கிலோ ஹைட்ரஜன் பிரித்தால், கூடவே ஒன்பது பத்து கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. அழுக்கு அடுப்படியில் இல்லை, ஆலையில்.

2022 அக்டோபரில் அப்போதைய துணைப் பிரதமர் லாரன்ஸ் வோங் தேசிய ஹைட்ரஜன் உத்தியை அறிவித்தார். 2050க்குள் நாட்டின் மின்சாரத்தில் பாதிவரை ஹைட்ரஜனிலிருந்து வரலாம் என்பது கணக்கு. இன்று சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து. ஜூரோங் தீவில் கெப்பல் நிறுவனத்தின் 600 மெகாவாட் சக்ரா மின்நிலையம் 30 விழுக்காடு ஹைட்ரஜன் கலந்து எரிக்கத் தோதானது. கேட்க நன்றாக இருக்கிறது. அந்த 30 கனஅளவுக் கணக்கு; ஹைட்ரஜன் லேசானது என்பதால் கரியமில வாயு குறைவது பதினொரு விழுக்காடு அளவுக்குத்தான். ‘ஹைட்ரஜனுக்குத் தயார்’ என்ற அறிவிப்புகளைப் படிக்கும்போது இதை மறந்துவிடக் கூடாது.

வெயிலும் காற்றும் கொண்டு தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்தால் சுத்தம். அதற்கு இங்கே இடமில்லை, கப்பலில்தான் வரவேண்டும். திரவமாக்க மைனஸ் 253 டிகிரி வேண்டும். அதனால் நைட்ரஜனோடு சேர்த்து அமோனியாவாக்குகிறார்கள். அதற்கு மைனஸ் 33 போதும். நெடியும் நச்சும் அதோடு வரும் தொல்லை. 2024 மார்ச்சில் ஃபோர்டெஸ்க்யூ நிறுவனத்தின் கிரீன் பயனியர் கப்பல் ஜூரோங் தீவில் அமோனியா ஏற்றி, சிங்கப்பூர்த் துறைமுகத்திலேயே அதை எரித்துப் பார்த்தது.

அமோனியா எங்கிருந்து வரும்? தூத்துக்குடியும் ஒரு பதில். ஸ்பிக் உர ஆலையால் அந்த ஊருக்கு இது பழகிய சரக்கு. 2024 ஜனவரியில் சென்னை முதலீட்டாளர் மாநாட்டில் சிங்கப்பூரின் செம்ப்கார்ப் நிறுவனம் ₹36,238 கோடியில் அங்கே பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு ஒப்பந்தம் போட்டது. அதே ஆண்டு ஏற்றுமதிக்கான ஏற்பாடும் கையெழுத்தானது, ஜப்பானின் கியூஷுவுக்கு. கப்பல் புறப்பட்டால் மலாக்கா நீரிணையில் நுழைந்து, சிங்கப்பூர் வாசலைக் கடந்துதான் போகும்.