குப்பை என்று நினைத்த பை

1983-ல் இரண்டு ஆய்வகங்கள் ஒரே விஷயத்தைத் தனித்தனியாகக் கண்டன. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரோஸ் ஜான்ஸ்டோன் குழு செம்மறியாட்டு ரத்தத்தில்; அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஹார்டிங், ஹியூசர், ஸ்டால் மூவரும் எலி ரத்தத்தில்.

இளம் சிவப்பணுவுக்கு ஹீமோகுளோபின் தயாரிக்க இரும்பு வேண்டும். அதைப் பிடித்து உள்ளே இழுக்க அதன் மேற்பரப்பில் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பிகள் இருக்கும். செல் முதிர்ந்ததும் அவை தேவையில்லை. அப்ப எங்கே போகும்? உள்ளேயே செரிந்துவிடும் என்பதுதான் எதிர்பார்ப்பு. பார்த்தால், செல் அவற்றைக் குட்டிக் குட்டிப் பைகளில் கட்டி வெளியே போட்டுக்கொண்டிருந்தது! 1987-ல் ஜான்ஸ்டோன் இந்தப் பைகளை எக்ஸோசோம் என்று அழைத்தார்.

செல் கழிக்கிற குப்பைதானே என்று பலர் விட்டுவிட்டார்கள். சிவப்பணுவைப் பொறுத்தவரை அது தப்பும் இல்லை. ஆனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதில் பல வருடம் வீணாகப் போனது என்றுதான் எனக்குப் படுகிறது.

2007-ல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் வலாடி, லோட்வால் குழு பைக்குள் ஆர்என்ஏ இருப்பதைக் காட்டியது. சுண்டெலி செல்லின் எக்ஸோசோம்களை மனித செல்களிடம் கொடுத்தார்கள். மனித செல்லுக்குள் சுண்டெலிப் புரதம் உருவானது! குப்பை இப்படி வேலை செய்யுமா?

புற்றுநோய்க் கதை இங்கேதான் சூடு பிடிக்கிறது. கட்டி ஏன் சில உறுப்புகளுக்கு மட்டும் பரவுகிறது? விதைக்கு ஏற்ற மண் வேண்டும் என்று லண்டன் மருத்துவர் ஸ்டீஃபன் பேஜெட் 1889-லேயே எழுதினார். மண்ணை யார் பண்படுத்துவது என்பது மட்டும் தெரியவில்லை. 2015-ல் நியூயார்க்கில் டேவிட் லைடன் குழு, கட்டி அனுப்பும் எக்ஸோசோம்களே முன்கூட்டிப் போய் இடம் தயார் செய்வதைச் சுண்டெலிகளில் காட்டியது. பையின் மேலுள்ள இன்டெக்ரின் புரதம்தான் முகவரி: ஒரு வகை நுரையீரலுக்கு, இன்னொன்று கல்லீரலுக்கு. நுரையீரலுக்கான பைகளை முதலில் செலுத்தியபோது, வழக்கமாக எலும்புக்குப் போகும் புற்றுசெல்கள் நுரையீரலில் போய்க் குடியேறின.

மருந்தையும் இவை ஏமாற்றும். மார்பகப் புற்றுசெல்களின் எக்ஸோசோம்கள் மேலே ஹெர்2 புரதத்தைச் சுமப்பதால், டிராஸ்டுசுமாப் மருந்து கட்டிக்குப் பதில் அவற்றில் போய் ஒட்டிக்கொள்வது ஆய்வகத்தில் தெரிந்தது. 2018-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வெய் குவோ குழு, மெலனோமா எக்ஸோசோம்கள் பிடி-எல்1 புரதத்தைச் சுமந்துபோய் டி செல்களை அடக்குவதைக் கண்டது. சிகிச்சைக்கு முன்பே ரத்தத்தில் இது அதிகமிருந்த நோயாளிகளிடம் பெம்ப்ரோலிசுமாப் பெரிதாக வேலை செய்யவில்லை.

அப்போ ரத்தத்தில் இதை அளந்தே யாருக்கு மருந்து பலிக்கும்னு சொல்லிவிடலாமா? அங்கேதான் சிக்கல். பையின் அளவு 30 முதல் 150 நானோமீட்டர். கொழுப்பைச் சுமக்கும் துகள்கள் பலவும் ரத்தத்தில் ஏறக்குறைய இதே அளவில் மிதக்கின்றன. இரண்டையும் சுத்தமாகப் பிரிப்பது இன்றும் தலைவலிதான்.