தனித்தனியாக எண்ணுவதும் சேர்த்து எண்ணுவதும்

நான்குக்கு நான்கு சட்டத்தில் 15 எண் கட்டைகள், ஓர் இடம் காலி. கலைத்துவிட்டதை மீண்டும் வரிசைப்படுத்தப் பொறுமை போதும். மிகக் குறைந்த நகர்த்தல்களில் வரிசைப்படுத்தத்தான் கணிதம் வேண்டும். அடையக்கூடிய நிலைகளோ 10 லட்சம் கோடிக்கும் மேல். அவற்றில் கணினி கண்மூடித்தனமாகத் துழாவாமலிருக்க, ‘இங்கிருந்து குறைந்தது இத்தனை நகர்த்தல் ஆகும்’ என்று சொல்லும் மதிப்பீடு ஒன்று தேவை. அது உண்மைக்குக் கீழே நிற்கலாம், மேலே போகக் கூடாது. போனால், தேடுகிற குறுகிய வழியையே ஒதுக்கிவிட நேரும்.

இத்தகைய மதிப்பீடுகளில் எளியது மான்ஹாட்டன் தூரம். ஒவ்வொரு கட்டையும் தன் இடத்துக்குப் போகக் குறுக்கே எத்தனை கட்டம், நெடுக்கே எத்தனை கட்டம் என்று எண்ணிக் கூட்டினால் முடிந்தது. 1985இல் ரிச்சர்ட் கோர்ஃப், தற்செயலாகக் கலைத்த 100 நிலைகளுக்கு மிகக் குறுகிய தீர்வுகளை இதைக் கொண்டே கண்டார். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு கட்டைக்கு மற்றொன்று இருப்பதே தெரியாது. முதல் வரிசையில் 1, 2 என்று இருக்க வேண்டியவை 2, 1 என்று நின்றால், அவ்விரண்டுக்கும் சேர்த்து 2 நகர்த்தல் என்கிறது. ஒன்று கீழே இறங்கி வழிவிட்டு மறுபடி ஏறியாக வேண்டுமே! அப்படியானால் 4க்குக் குறையாது.

கோர்ஃபும் ஏரியல் ஃபெல்னரும் 2002இல் வெளியிட்ட முறை இந்த நெரிசலையும் கணக்கில் சேர்த்தது. கட்டைகளை 7, 8 என இரு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் எப்படியெல்லாம் நிற்க முடியுமோ அத்தனைக்கும் விடையை முன்கூட்டியே கணக்கிட்டு அட்டவணையாக வைத்தார்கள். ஒரு குழுவின் கணக்கில் அக்குழுக் கட்டைகளின் நகர்த்தல் மட்டுமே சேரும். ஆகவே இரு எண்களையும் கூட்டினாலும் எதுவும் இருமுறை எண்ணப்படுவதில்லை. இந்த நுட்பத்தைத்தான் நான் பெரிதும் வியக்கிறேன்.

உண்மையான விடை சராசரியாக 52க்குச் சற்று மேல். மான்ஹாட்டன் தூரம் 37 அளவில் நின்றுவிடுகிறது, அட்டவணை 45ஐத் தாண்டுகிறது. அந்தச் சில நகர்த்தல்களின் நெருக்கமே, கணினி பார்க்க வேண்டிய நிலைகளைச் சராசரியாக 40 கோடியிலிருந்து சுமார் 37,000 ஆகக் குறைத்தது. பெரிய குழுவின் அட்டவணைக்கு மட்டும் 51.9 கோடி பதிவுகள் என்பது அதற்கான விலை.

கூர்ந்து பார்த்தால் இவை எதிரெதிர் முறைகள் அல்ல. குழுவுக்கு ஒரே கட்டை என்று வைத்துக்கொண்டால் கிடைப்பது மான்ஹாட்டன் தூரமேதான். பதினைந்தையும் ஒரே குழுவாக்கினால் மதிப்பீடு என்பதே மறைந்து, முழு விடை கையில் இருக்கும். இடையில் எங்கே நிறுத்துவது என்பதை நினைவகம்தான் தீர்மானிக்கிறது. 24 கட்டைப் புதிருக்கு அவர்கள் ஆறாறாக நான்கு குழுக்களோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆறு கட்டைக் குழு ஒன்றுக்கே 12.75 கோடி பதிவுகள் ஆகின்றன.