சொற்பொழிவுகள் தந்த சொல்வளம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்கப் பள்ளிகளில் அரசியல் சொற்பொழிவுகளே ஆங்கிலப் பாடமாகவும் விளங்கின. மாணவர்கள் அவற்றை மனப்பாடம் செய்து, வகுப்பின் முன் நின்று ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிப்பார்கள். இந்தப் பயிற்சிக்கென காலேப் பிங்காம் 1797இல் வெளியிட்ட ‘தி கொலம்பியன் ஆரட்டர்’ பல பதிப்புகள் கண்டது. சிசரோ, பிட், வாஷிங்டன் ஆகியோரின் உரைகள் அதில் இடம்பெற்றன.

அந்நூலின் புகழ்பெற்ற வாசகர் பிரெடெரிக் டக்ளஸ். பால்டிமோரில் அடிமையாக இருந்தபோது, ஏறத்தாழ 12 வயதில், பூட்ஸுக்கு மெருகு போட்டுச் சேர்த்த 50 சென்டுக்கு அதை வாங்கினார். எசமானருடன் வாதாடி விடுதலை பெறும் அடிமையின் உரையாடலையும், கத்தோலிக்கர் உரிமைக்கான உரையையும் திரும்பத் திரும்பப் படித்தார். மனத்தில் தோன்றியும் சொல்லின்றி மறைந்த எண்ணங்களைப் பேச அந்த உரைகளே மொழி தந்தன என்று பின்னாளில் தன்வரலாற்றில் எழுதினார்.

1838இல் தப்பிய டக்ளஸ், அடிமைமுறை ஒழிப்பு இயக்கத்தின் தலைசிறந்த பேச்சாளரானார். 1852 ஜூலை 5 அன்று ராச்செஸ்டரில் அவர் ஆற்றிய உரை இன்று அமெரிக்க மாணவர்களுக்குப் பாடமாக உள்ளது.