கண்ணியிற் பிறந்த கடற்கன்னி

கம்பளி நூலாலோ பருத்தி நூலாலோ பின்னப்பட்டு, உள்ளே பஞ்சு திணிக்கப்பெற்ற கடற்கன்னிப் பொம்மைகள் இன்று பல நாட்டுக் கடைகளிலே காணப்படுகின்றன. இடைக்கு மேலே பெண்; இடைக்குக் கீழே மீன். ஒரு சாண் உயரமேயுள்ள அப்பொம்மையின் விலையைக் கேட்டவர், “சிறிது நூலுக்கும் பஞ்சுக்கும் இவ்வளவு விலையா?” என்று வியப்பதுண்டு. அவ்வினாவுக்குரிய விடை அப்பொம்மையின் வரலாற்றிலே இருக்கிறது. கடற்கன்னி என்னும் கற்பனைக்கு ஒரு வரலாறு உண்டு. அவளைப் பின்னித் தரும் கொக்கி ஊசிக்கு மற்றொரு வரலாறு உண்டு. பெண்ணும் மீனும் இடையிலே பொருந்தியிருப்பதுபோல அவ்விரு வரலாறுகளும் அச்சிறு பொம்மையிலே பொருந்தியிருக்கின்றன.

கடற்கன்னியின் கதை மிகப் பழையது. கி.மு. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த டியோடொரஸ் என்னும் கிரேக்க வரலாற்றாசிரியர், அஸ்கலோன் நகரின் அருகே மீன்கள் நிறைந்ததோர் ஏரிக்கரையிலே, பெண் முகமும் மீன் உடலும் கொண்ட தெர்க்கெத்தோ என்னும் தெய்வத்துக்குக் கோயில் இருந்ததை எழுதிவைத்தார். கீழ்த்திசையிலே தாய்லாந்து மக்கள் போற்றும் ராமகியென் என்னும் இராமாயணத்தில், வான்மீகியாரிடமோ கம்பரிடமோ காணப்படாத பாத்திரம் ஒன்று வருகிறது. இலங்கை வேந்தனின் மகளான சுவர்ணமச்சை என்னும் பொன்னிறக் கடற்கன்னியே அவள். சேது கட்டுவதற்காக வானரர் இட்ட கற்களைத் தன் மீன்படையோடு அகற்ற வந்தவள், அனுமன்பால் காதல் கொண்டு அவ்வேலையைக் கைவிட்டாள் என்பது அக்கதை. அவளது உருவத்தை நல்வாய்ப்பின் அடையாளமாகக் கடைகளிலும் வீடுகளிலும் தொங்கவிடுவது தாய்லாந்து நாட்டு வழக்கம்.

கதையிலே வாழ்ந்தவளை மன்னார்க் கடலிலே கண்டதாகவும் ஒரு குறிப்பு உண்டு. 1560ஆம் ஆண்டில் மன்னாரை அடுத்த கடலிலே ஆணும் பெண்ணுமாக ஏழு கடல்மனிதர் மீனவர் வலையிற் சிக்கினர் என்றும், கோவாவிலிருந்த போர்த்துக்கேயத் தேசாதிபதியின் வைத்தியர் அவற்றை அறுத்து ஆராய்ந்து, உள்ளுறுப்புகள் மனிதருடையன போன்றே இருந்தன எனக் கூறினார் என்றும் யேசுசபைக் குருமாரின் குறிப்புகளை எடுத்துக்காட்டி எமேர்சன் தெனெந்து என்பார் 1861இல் வெளிவந்த தமது இலங்கை இயற்கை வரலாற்று நூலிலே எழுதினார். அவை கடற்கன்னியரல்ல, கடற்புல்லை மேய்ந்து வாழும் ஆவுளியா என்னும் கடற்பசுக்களே என்பது அவர் காட்டிய விளக்கம். தன் கன்றுக்குப் பாலூட்டும் அவ்வுயிரினத்தைக் கண்டு மாலுமிகள் மயங்கியது இயல்பே. கொலம்பஸ் 1493ஆம் ஆண்டு சனவரியிலே மேற்கிந்தியக் கடலில் மூன்று கடற்கன்னியரைக் கண்டதாகவும், ஓவியங்களில் உள்ளதுபோல் அவர்கள் அழகாக இல்லை என்றும் எழுதியதற்கும் காரணம் கடற்பசுவின் இனத்தைச் சேர்ந்த விலங்கே எனக் கருதப்படுகிறது. மன்னார்க் கடலிலே ஒருகாலத்தில் கூட்டமாக மேய்ந்த ஆவுளியா, வேட்டையாலும் வலைகளாலும் அழிந்து இன்று காண்பதற்கரியதாகிவிட்டது.

கதையிற் கேட்டவளைக் கையிற் கொண்டுவந்து காட்டவேண்டும் என்ற ஆசை மனிதரை விடவில்லை. அவ்வாசையைப் பணமாக்கியோரும் இருந்தனர். யப்பானிய மீனவர் சிலர் குரங்கின் மேலுடலையும் மீனின் வாலையும் இணைத்துத் தைத்து, பாடஞ்செய்து, கடற்கன்னி எனக் காட்டிவந்தனர். சாமுவேல் பரெட் ஈட்ஸ் என்னும் அமெரிக்கக் கப்பற்றலைவர் அத்தகைய உருவம் ஒன்றைக் கண்டு மயங்கி, தமக்கு எட்டிலொரு பங்கே உரிமையான கப்பலை விற்று அதனை வாங்கி, 1822இல் இலண்டனிலே காட்சிக்கு வைத்தார். கப்பலின் பெரும்பங்குக்கு உரியவர் நீதிமன்றம் ஏறினார். ஈட்ஸ் தமது வாழ்நாளை அக்கடனைத் தீர்ப்பதிலே கழித்தார். அவ்வுருவமே பின்னர் 1842இல் பார்னம் என்னும் காட்சிவணிகரின் கைக்கு வந்து, ‘பீஜிக் கடற்கன்னி’ என்னும் பெயரோடு நியூயோர்க்கிலே மக்களைத் திரட்டியது. அழகியைக் காண வந்தோர் கண்டது சுருங்கிக் கறுத்த குரங்கு முகம் ஒன்றையே.

அழகிய கடற்கன்னியைச் சிறுவர் நெஞ்சிலே நிலைபெறச் செய்தவர் டென்மார்க்கு நாட்டு ஹான்ஸ் கிறிஸ்தியன் அண்டர்சன். அவரது ‘சிறிய கடற்கன்னி’ 1837இல் வெளிவந்தது. மனிதக் கால்களைப் பெறுவதற்காக அவள் தன் நாவை விலையாகக் கொடுத்து ஊமையாகிறாள். தன்னாற் காப்பாற்றப்பட்ட இளவரசனிடம், காப்பாற்றியவள் தானே என்று சொல்ல அவளுக்குக் குரல் இல்லை. 1913ஆம் ஆண்டில் கொப்பன்ஹேகன் துறைமுகத்திலே எட்வர்ட் எரிக்சன் என்னும் சிற்பி அவளுக்கு வெண்கலச் சிலை அமைத்தார். இன்றைய கடற்கன்னிப் பொம்மைகள் பெரும்பாலும் அண்டர்சனின் கன்னிக்கு உறவினர் எனலாம்.

இனி, அவளைப் பின்னும் கொக்கியின் வரலாறு. ‘குரோஷே’ என்பது பிரெஞ்சு மொழியிலே சிறு கொக்கியைக் குறிக்கும் சொல். முனையிலே வளைவுள்ள ஊசியாலே துணியின் மேல் நூலைக் கண்ணி கண்ணியாக இழுத்து அழகுசெய்யும் கலை இந்தியா, பாரசீகம், துருக்கி முதலிய நாடுகளிலே நெடுங்காலமாக வழங்கியது. இந்தியாவிலே அது ஆரி வேலை எனப்படும். 18ஆம் நூற்றாண்டிலே அது ஐரோப்பாவை அடைந்தபோது, துணியை வட்டச் சட்டத்திலே முரசின் தோல்போல இழுத்துக் கட்டியமையால், முரசைக் குறிக்கும் ‘தம்பூர்’ என்னும் பெயரைப் பெற்றது. பின்னர் துணியையே நீக்கிவிட்டு, கண்ணியைக் கண்ணியோடு கோத்து வெறும் நூலாலேயே உருவம் சமைத்ததிலிருந்து குரோஷே பிறந்தது என்பது ஆராய்ச்சியாளர் சிலர் கருத்து. ஒல்லாந்து நாட்டிலே வெளிவந்த ‘பெனலொப்பே’ என்னும் சஞ்சிகை 1823இல் இப்பின்னலுக்குரிய மாதிரிகளை அச்சிட்டது. அச்சிலே வந்தவற்றுள் அதுவே மிக முந்தியது என்பர்.

சீமாட்டிகளின் பொழுதுபோக்காய் இருந்த இக்கலை ஏழைகளின் உயிர்த்துணையானது அயர்லாந்திலே. 1845ஆம் ஆண்டில் அந்நாட்டு உருளைக்கிழங்குப் பயிரை ஒருவகைக் கருகல்நோய் தாக்கிற்று. ஏழை உழவர் குடும்பங்கள் பல பெரும்பாலும் அதனையே உணவாக நம்பியிருந்தன. அடுத்துவந்த ஆண்டுகளிலே ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் பசியாலும் நோயாலும் மாண்டனர். அதற்குக் குறையாதோர் நாட்டைவிட்டு வெளியேறினர். அக்கொடிய காலத்திலே கோர்க் நகரை அடுத்த பிளக்றொக் என்னுமிடத்தில் ஊர்சுலின் கன்னியர் ஏழைப் பெண்களுக்குக் கொக்கிப்பின்னல் கற்பித்தனர். வடக்கே குளோனெஸ் என்னும் ஊரிலே 1847இல் குருவானவர் ஒருவரின் மனைவியாகிய கசாந்திரா ஹான்ட் அம்மையார் அதனைத் தொடக்கிவைத்தார். அதே காலத்தில் ரியேகோ டி லா பிராஞ்சார்டியேர் என்னும் பெண்மணி, விலையுயர்ந்த வெனிஸ் நகரப் பின்னலின் சாயலைக் கொக்கியாலே கொண்டுவரும் முறையை நூல்களாக அச்சிட்டுப் பரப்பினார். அவருடைய தாயார் அயர்லாந்து நாட்டவர்.

ஒரு கொக்கியும் ஒரு நூற்பந்தும் போதும். தறி வேண்டாம், பட்டறை வேண்டாம், பெருமுதல் வேண்டாம். ஆதலால் குடிசையின் அடுப்பங்கரையிலே தாயும் மகளும் உட்கார்ந்து பின்னினர். ரோசா மலர், மூவிலைப்புல் என உறுப்புறுப்பாகப் பின்னி, அவற்றை வலைபோன்ற தளத்தால் இணைத்தனர். விக்டோரியா மகாராணியார் தாமே கொக்கிப்பின்னல் பழகியவர். அவர் தந்த ஆதரவு அயர்லாந்துப் பின்னலுக்குப் பெருமதிப்பைத் தேடித்தந்தது. பாரிஸ் நகர நாகரிக மங்கையரின் கழுத்துப் பட்டிகளிலே அம்மலர்கள் விளங்கின. அவற்றாற் கிடைத்த கூலி பல குடிகளின் பட்டினியைத் தடுத்தது, வாடகையைத் தீர்த்தது, சிலருக்கு அமெரிக்கா செல்லும் கப்பற் கட்டணமாயிற்று. அம்மலர்களை அணிந்தோரின் ஓவியங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றைப் பின்னிய பெண்களிற் பெரும்பாலோரின் பெயர்கள் இல்லை.

இதற்குப் பின் கைத்தொழில்கள் பலவற்றைப் பொறிகள் விழுங்கின. இரண்டு ஊசிகளாற் பின்னும் கம்பளிப் பின்னலுக்கு வில்லியம் லீ என்னும் ஆங்கிலேயர் 1589இலேயே பொறி அமைத்துவிட்டார். அப்பின்னலிலே கண்ணிகள் வரிசையாக ஊசியின் மேல் காத்திருக்கும். வரிசைக்குப் பல ஊசிகளை அமைத்தால் பொறி இயங்கும். குரோஷேயிலோ ஒவ்வொரு கண்ணியும் முற்றாக முடிக்கப்பட்ட பின்னரே அடுத்த கண்ணி தொடங்கும். கொக்கி புகவேண்டிய இடத்தைக் கண்ணும் விரலும் ஒவ்வொரு முறையும் தேர்ந்து கொள்ளவேண்டும். ஆய்வுக்கூடங்களிலே சில மாதிரிப் பொறிகள் முயலப்பட்டாலும், கையின் இடத்தை எந்தத் தொழிற்சாலைப் பொறியும் பிடித்துவிடவில்லை. பொறியிலே பின்னப்பட்டுக் குரோஷே என விற்கப்படுவன அதன் சாயல் கொண்ட வேறு பின்னல்களே. ஆகவே உண்மையான குரோஷேப் பொருள் எத்துணை மலிவான விலைக்குக் கிடைத்தாலும், அதை ஒரு மனிதக் கை பின்னியிருக்கிறது என்பது உறுதி.

அம்மலிவு எவ்வாறு வருகிறது என்பதை ஆந்திர நாட்டின் நர்சாபூர் காட்டுகிறது. கோதாவரி ஆறு கடலோடு கலக்கும் அப்பகுதியிலே 19ஆம் நூற்றாண்டில் கிறித்தவ மிஷனரிமார் இக்கலையைப் பெண்களுக்குக் கற்பித்தனர். காலப்போக்கில் அது வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகும் பெருந்தொழிலாயிற்று. மரியா மீஸ் என்னும் ஜெர்மானியச் சமூகவியல் அறிஞர் அவர்களிடையே ஆராய்ந்து 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். வீட்டுவேலையும் செய்து, நாள்தோறும் பல மணி நேரம் பின்னலும் செய்த அப்பெண்கள், தொழிலாளர் என மதிக்கப்படாது, ஓய்வு நேரத்தைப் போக்கும் இல்லத்தரசியர் என்றே கருதப்பட்டனர்; அவ்வெண்ணமே அவர்களுக்கு மிகச் சொற்பமான கூலி கொடுப்பதற்கு வழியாயிற்று என்பது அவர் கண்ட முடிபு. 2024இல் நர்சாபூர்ப் பின்னலுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. ஊரின் பெயர் பதிவாகிவிட்டது. பின்னுவோர் பெயர் இன்னும் பொருளோடு செல்வதில்லை.

சரிகைபோலத் தட்டையாக இருந்த இப்பின்னலைத் திரண்ட பொம்மையாக வளர்த்துப் பெயர்பெறச் செய்தோர் யப்பானியர். பின்னலைக் குறிக்கும் சொல்லையும் பஞ்சடைத்த பொம்மையைக் குறிக்கும் சொல்லையும் இணைத்து ‘அமிகுருமி’ என்று அதற்குப் பெயரிட்டனர். 1970களிலே யப்பானிற் பரவிய அக்கலை, 2000ஆம் ஆண்டுக்குப் பின் உலகெங்கும் சென்றது. யப்பானிய மொழியிலே கடற்கன்னிக்கும் பொம்மைக்கும் உள்ள சொற்களின் வேறுபாடு ஈற்றிலுள்ள குறிலும் நெடிலுமே: ‘நிங்யொ’ என்றால் கடற்கன்னி, ‘நிங்யோ’ என்று நீட்டினால் பொம்மை. குரங்கையும் மீனையும் தைத்துப் பார்ப்போரை ஏமாற்றிய நாட்டிலிருந்தே, எவரையும் ஏமாற்றாத நூற்கடற்கன்னிக்குரிய கலையும் வந்தது.

அப்பொம்மை உருவாகும் முறை எளிமையானது. ஆனால் எண்ணிக்கை தவறக்கூடாதது. இறுக்கக்கூடிய ஒரு வளையத்திலே ஆறு கண்ணிகள் இட்டுத் தலை தொடங்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஆறு கண்ணிகள் சேர்க்கப்படும். 6, 12, 18, 24, 30, 36 என ஆறு சுற்று முடியும்போது 126 கண்ணிகள் விழுந்திருக்கும். கையிலோ ஒரு சிறு வட்டமே இருக்கும். கூட்டுவதை நிறுத்திச் சுற்றிவந்தால் வட்டம் கிண்ணமாகும். குறைத்துவந்தால் வாய் ஒடுங்கித் தலையாகும். இடைவரை உடல்நிற நூலாற் பின்னி, பின்பு பச்சையோ நீலமோ மாற்றினால் பெண் மீனாகத் தொடங்குவாள். கால்கள் இல்லாமையால் சுற்றுகளை மெல்ல மெல்லக் குறைத்துவருவதே வாலாகும். பஞ்சு வெளியே தெரியாதபடி பின்னல் நெருக்கமாக இருக்கவேண்டும். பஞ்சைச் சிறிது சிறிதாகத் திணிக்காவிட்டால் கழுத்து சாயும். வாலின் துடுப்புக்கு ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டிரண்டாகப் பின்னினால் ஓரம் இடங்கொள்ளாமல் அலையலையாக நெளியும். அவ்வாறு நெளியும் வடிவத்தைக் கொண்டே 1997இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டைனா டைமினா என்னும் கணித அறிஞர், கேத்திர கணிதத்தில் விளக்குதற்கரிய அதிபரவளைவுத் தளத்தை மாணவர் கையாலே தொட்டறியச் செய்தார். கை, தலைமயிர், துடுப்பு எல்லாம் சேர்ந்தால் ஒரு சாண் பொம்மையிலே ஆயிரத்துக்கு மேற்பட்ட கண்ணிகள் இருக்கும். அவற்றுள் ஒன்றேனும் தானாக விழுந்ததன்று.

விலையைக் கேட்டு வியந்தவருக்குரிய விடை இதுவே. நூலின் விலையும் பஞ்சின் விலையும் சிறியன. எண்ணி எண்ணிக் கொக்கியை நுழைத்த கையின் நேரமே பெரியது. அயர்லாந்தின் குடிசையிலும் கோதாவரிக் கரையிலும் அந்நேரத்துக்குக் கூலி குறைவாக அளக்கப்பட்டது. அண்டர்சனின் கடற்கன்னி, காப்பாற்றியவள் தானே என்று கூறக் குரலின்றி நின்றாள். அவளைப் பின்னுபவளும் அவ்வாறு நிற்கவேண்டும் என்ற விதி இல்லை. பொம்மையை வாங்குவோர், பின்னியவர் யார் என்று ஒரு சொல் கேட்டு, அவரது நேரத்துக்குரிய விலையைக் குறையாமற் கொடுப்பார்களாயின், கடையிலே வாய்பேசாது கிடக்கும் அக்கடற்கன்னிக்காகப் பின்னியவள் பேசுவாள்.