முதல் நூலும் முதலீடும்: ஜேன் ஒஸ்ரினின் வெளியீட்டு அனுபவம் பற்றிய ஒரு நோக்கு

இலக்கிய வரலாறு எழுதப் புகுவோர் ஒரு நூலின் பொருளையும் உருவத்தையும் விரிவாக ஆராய்வர். ஆயின் அந்நூல் எவ்வாறு அச்சேறிற்று, தாளுக்கும் அச்சுக்கும் பணம் கொடுத்தவர் யார், பிரதிகள் விலைபோகாதிருந்தால் நட்டம் யாரைச் சார்ந்திருக்கும் என்னும் வினாக்களை அவர்கள் பெரும்பாலும் எழுப்புவதில்லை. இவ்வினாக்கள் வணிகத்துக்குரியன, இலக்கியத்துக்குரியன அல்ல என்னும் எண்ணமே இதற்குக் காரணம். இவ்வெண்ணம் எத்துணை தவறானது என்பதற்கு ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் முதல் நூல் வெளிவந்த வரலாறு தக்க சான்றாகும்.

ஜேன் ஒஸ்ரின் (1775 - 1817) பற்றிப் பல காலமாக நிலவிவரும் சித்திரம் ஒன்றுண்டு. புகழையும் பொருளையும் நாடாது, குடும்பத்தாரின் மகிழ்ச்சிக்காக எழுதிய அடக்கமான பெண்மணி என்பதே அச்சித்திரம். அவர் இறந்த சில மாதங்களில், மறைவுக்குப் பின் வெளிவந்த நாவல்களுக்கு முன்னுரையாக அவருடைய சகோதரர் ஹென்றி எழுதிய வாழ்க்கைக் குறிப்பு இதற்கு வித்திட்டது. 1870ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்த, மருமகன் ஒருவர் எழுதிய நினைவுநூல் அதனை நிலைபெறச் செய்தது. கதவு ஓசையிட்டதும் எழுதிய தாளை மறைத்துக்கொள்ளும் அத்தை அந்நூலிலிருந்தே நமக்கு அறிமுகமானார். ஆனால் ஒஸ்ரினின் கடிதங்களும் வெளியீட்டாளருடனான கொடுக்கல் வாங்கல்களும் காட்டும் பெண் வேறொருவர்.

அக்கால இங்கிலாந்தில் ஒரு நாவலை வெளியிடுவதற்கு நான்கு வழிகள் இருந்தன. பதிப்புரிமையை ஒரே தொகைக்கு விற்றுவிடுவது ஒன்று. முன்கூட்டியே சந்தாப் பணம் திரட்டி அச்சிடுவது மற்றொன்று. வரும் இலாபத்தை ஆசிரியரும் வெளியீட்டாளரும் பங்கிட்டுக்கொள்வது மூன்றாவது. ஆசிரியரின் பொறுப்பில் வெளியிடுவது நான்காவது. இந்நான்காம் முறையில் தாள், அச்சு, விளம்பரம் ஆகியவற்றின் செலவு முழுவதும் ஆசிரியரைச் சார்ந்தது. வெளியீட்டாளர் விற்பனையில் ஒரு வீதத்தைத் தரகாகப் பெறுவார். இலாபம் வரின் அது ஆசிரியருக்கு; நட்டமும் அவருக்கே.

இவ்வழிகளை ஒஸ்ரின் அறிந்திருந்தார். பனி பேர்ணி என்னும் நாவலாசிரியை 1778இல் தம் முதல் நாவலான 'எவலினா'வைப் பெயர் குறிப்பிடாது 20 கினிக்கு விற்றார். 1796இல் 'கமிலா'வைச் சந்தா முறையில் வெளியிட்டார். அந்தச் சந்தாதாரர் பட்டியலில் ஸ்டீவன்ரன் கிராமத்து ஜேன் ஒஸ்ரினின் பெயரும் இடம்பெற்றுள்ளது. முன்னோடி ஒருவரின் தொழில்முறையை வாசகர் என்ற நிலையிலேனும் அவர் அருகிருந்து கண்டார் என இதனால் துணியலாம்.

அவருடைய முதல் முயற்சிகள் தோல்வியிலேயே முடிந்தன. 1797 நவம்பரில் அவருடைய தந்தை, மூன்று தொகுதிகளைக் கொண்ட நாவல் ஒன்று தம்மிடம் இருப்பதாகவும், ஆசிரியர் பொறுப்பில் அதனை வெளியிட என்ன செலவாகும் என்றும் வினவி இலண்டனிலுள்ள கடெல் நிறுவனத்துக்கு எழுதினார். கையெழுத்துப் பிரதியைப் பாராமலே அந்நிறுவனம் மறுத்துவிட்டது. 1803இல் 'சூசன்' என்னும் நாவல் குறொஸ்பி என்னும் வெளியீட்டாளருக்கு 10 பவுணுக்கு விற்கப்பட்டது. அவர் அதனை விளம்பரம் செய்தாரேயன்றி அச்சிடவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து, 1809 ஏப்பிரிலில், ஒஸ்ரின் ஒரு புனைபெயரில் அவருக்குக் கடிதம் எழுதினார். நூலை வெளியிடாவிடின் வேறிடத்தில் வெளியிடப்போவதாக அதில் எச்சரித்தார். வெளியிடுவதற்குக் காலவரையறை எதுவும் பேசப்படவில்லை, வேறெவரும் வெளியிட்டால் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும், வேண்டுமாயின் அதே 10 பவுணைக் கொடுத்துப் பிரதியை மீட்டுக்கொள்ளலாம் என்பதே வந்த மறுமொழி. அப்போது அவர் அதனை மீட்கவில்லை. 1816இலேயே அது மீட்கப்பட்டது. 'நோதாங்கர் அபி' என்னும் பெயரில் அது வாசகர் கையை அடைந்தபோது அவர் உயிரோடு இல்லை.

இந்த அனுபவம் மனங்கொள்ளத்தக்கது. பதிப்புரிமையை விற்பது ஆசிரியரை நட்டத்திலிருந்து காப்பாற்றும். ஆனால் நூல் வெளிவருமா என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரத்தையும் அது அவரிடமிருந்து பறித்துவிடும். 1810இன் இறுதியில் தோமஸ் எஜேட்டன் என்னும் வெளியீட்டாளர் 'சென்ஸ் அன்ட் சென்சிபிலிற்றி'யை ஏற்றுக்கொண்டபோது, ஒஸ்ரின் தம் சொந்தப் பொறுப்பில் வெளியிடும் முறையைத் தழுவியமைக்கு இப்பின்னணியையும் கருத்திற் கொள்ள வேண்டும். துணிவில்லாதவர் செய்யக்கூடிய காரியமன்று இது. தந்தை 1805இல் காலமான பின்னர் தாயும் இரு புதல்வியரும் சகோதரர்களின் உதவியிற் பெரிதும் தங்கி வாழ்ந்தனர். அந்நிலையிலும், நேரக்கூடிய நட்டத்தை ஈடுசெய்யத் தம் சிறு வருவாயிலிருந்து ஒரு தொகையை அவர் ஒதுக்கி வைத்தார் என ஹென்றியே கூறுகின்றார். பொருளை நாடாதவர் என்று எழுதிய அதே கை இதனையும் எழுதியுள்ளமை கவனிக்கற்பாலது.

1811 வசந்தத்தில் இலண்டனில் ஹென்றியின் வீட்டில் தங்கி ஒஸ்ரின் அச்சுப்படிகளைத் திருத்தினார். அச்சகத்தார் தாமதம் செய்தனர். ஹென்றி அவர்களை விரைவுபடுத்த முயன்றார். நூலைத் தம்மால் ஒரு கணமும் மறக்க இயலவில்லை என்று, குழந்தைக்குப் பாலூட்டும் தாயின் நிலையோடு ஒப்பிட்டு, சகோதரி கசன்ட்ராவுக்கு அவர் எழுதினார். அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆந் தேதி நூல் வெளிவந்தது. மூன்று தொகுதிகள், விலை 15 சிலிங். விவசாயக் கூலியாள் ஒருவரின் வார ஊதியத்தை மிஞ்சிய தொகை இது. ஆகவே நாவலை விலைக்கு வாங்கியோர் வசதியுள்ளோரும், சந்தா பெற்று நூல்களை இரவல் கொடுத்த வாடகை நூலகங்களுமே. ஒரு நாவலை மூன்று தொகுதிகளாகப் பிரிப்பது இந்நூலகங்களுக்கு மிக வாய்ப்பாயிருந்தது. ஒரே நேரத்தில் மூன்று வாசகருக்கு அதனைக் கொடுக்கலாமல்லவா?

முகப்பில் ஆசிரியரின் பெயர் இல்லை. 'ஒரு சீமாட்டி' எழுதியது என்று மட்டும் இருந்தது. அக்காலத்துப் பெண் எழுத்தாளர் பலர் இவ்வாறே செய்தனர். ஆசிரியர் பலர் முன்னிலையில் தோன்றித் தம் நூலை அறிமுகஞ் செய்யும் வழக்கம் அவர்களுக்கு எட்டாததாயிருந்தது. நாளிதழ் விளம்பரம், திறனாய்வு இதழ்கள், வாய்வழிப் பேச்சு ஆகிய மூன்றுமே அவர்களுடைய விளம்பரச் சாதனங்கள். விளம்பரமொன்றில் நேர்ந்த பிழையால் நூலாசிரியர் 'ஏ' என்னும் எழுத்தில் தொடங்கும் பெயருடைய பிரபுகுலப் பெண்மணியாகத் தோற்றமளித்தார். இளவரசி சார்லற் உள்ளிட்டோர் நூலைப் படித்துப் பேசினர். 1812 பெப்ரவரியிலும் மே மாதத்திலும் இரு திறனாய்விதழ்கள் சாதகமான மதிப்புரைகளை வெளியிட்டன. ஒஸ்ரினின் மருமகள் ஒருத்தி வாடகை நூலகத்தில் இந்நூலைக் கண்டு, தலைப்பைக் கொண்டே இது வெற்று நூல் என ஒதுக்கினாள் எனவும், அருகில் நின்ற ஆசிரியை புன்னகைத்து மௌனமாயிருந்தார் எனவும் குடும்பத்தார் கூறுவர். அநாமதேயம் அவருக்குப் பாதுகாப்பையும் அளித்தது. தம் வாசகரை மறைந்திருந்து அறியும் வாய்ப்பையும் அளித்தது.

1813 ஜூலையில் முதற் பதிப்பு முழுவதும் விற்றுத் தீர்ந்ததென்றும், 140 பவுண் இலாபம் கிடைத்ததென்றும் சகோதரர் பிரான்சிசுக்கு அவர் எழுதினார். பதிப்புரிமையும் அவர் வசமே இருந்தது. ஆயினும் இதற்கு முன்னரே, 1812 நவம்பரில், 'பிரைட் அன்ட் பிரெஜுடிஸ்' நாவலின் உரிமையை எஜேட்டனுக்கு 110 பவுணுக்கு அவர் விற்றுவிட்டார். அவர் விரும்பிய தொகை 150. முதல் நூலின் கணக்கு அப்போது முடிவுபெறவில்லை என்பதை நினைந்தால் இம்முடிவு விளங்கும். அந்த இரண்டாம் நாவல் பெரு வெற்றி பெற்றபோது இலாபம் வெளியீட்டாளரைச் சேர்ந்தது. அதன் பின் தம் வாழ்நாளில் வேறெந்த நாவலின் உரிமையையும் அவர் விற்கவில்லை. 1815இல் ஜோன் மறே மூன்று நாவல்களின் உரிமைக்கு 450 பவுண் தர முன்வந்தபோதும் அவர் மறுத்து, 'எமா'வைத் தம் பொறுப்பிலேயே வெளியிட்டார்.

எனினும் தன் பொறுப்பில் வெளியிடுவது எப்போதும் ஆதாயம் தரும் என்று கொள்வதும் பொருந்தாது. 'மான்ஸ்பீல்ட் பார்க்' நாவலின் இரண்டாம் பதிப்பில் ஏற்பட்ட நட்டம் 'எமா'வின் இலாபத்திற் கழிக்கப்பட்டபோது, 221 பவுணாக இருந்த தொகை 38 பவுண் சொச்சமாகக் குறைந்தது. பிற்காலத்துப் புரொன்டே சகோதரிகளின் அனுபவம் இன்னும் கசப்பானது. 1846இல் அவர்கள் தம் செலவில் ஆண் பெயர்களில் வெளியிட்ட கவிதைத் தொகுதி ஓராண்டில் இரண்டு பிரதிகளே விற்றது. அடுத்த ஆண்டில் எமிலியும் ஆனும் தம் முதல் நாவல்களுக்காக நியூபி என்னும் வெளியீட்டாளருக்கு 50 பவுண் முன்பணம் கொடுத்தனர். சார்லற்றின் 'ஜேன் அயர்' வேறு நிறுவனத்தின் மூலம் வெளிவந்து புகழ் பெறும்வரை அவர் அந்நாவல்களை வெளியிடாது தாமதித்தார்.

இவற்றை ஒருங்கே நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். முதல் நூலின் நட்டத்தைத் தாங்கக்கூடியவர் எவரோ அவருடைய குரலே அச்சில் ஒலித்தது. ஒஸ்ரினுக்கு ஒதுக்கி வைக்கச் சிறு தொகையும், இலண்டனில் அலுவல்களைக் கவனிக்க ஒரு சகோதரரும் இருந்தனர். இவ்விரண்டும் இல்லாத எத்தனை பெண்களின் கையெழுத்துப் பிரதிகள் பெட்டிகளிலேயே மக்கிப் போயினவோ, அவற்றை எந்த இலக்கிய வரலாறும் கணக்கிடவில்லை. ஒஸ்ரினின் மேதைமையை இது குறைப்பதாகாது. அம்மேதைமை எச்சூழலில், என்ன விலை கொடுத்து வெளிப்பட்டது என்பதையே விளக்குகின்றது. பொருளை நாடாத அத்தை என்னும் சித்திரம் அழகானதுதான். ஆனால் கணக்கைக் கூட்டிப் பார்த்து, இழப்பை முன்னறிந்து, தம் எழுத்தின் மீது தாமே பணயம் வைத்த பெண்ணின் வரலாறு அதனிலும் மதிப்புடையது. எம்மொழியின் நாவல் வரலாற்றை எழுத முற்படுவோரும் நூற்பட்டியலோடு அமையாது, அச்சுக்கூடத்துப் பற்றுச்சீட்டையும் புரட்டிப் பார்த்தல் வேண்டும்.